தண்ணீரில் எத்தனை நாட்? படகுக்கு அல்ட்ராசோனிக் வேக, வெப்ப சென்சார் பொருத்துவது எப்படி

பாம்பன் போல நீரோட்டம் இழுக்கிற இடத்தில் ஒரே ஆர்.பி.எம்.மில் படகை ஓட்டிப் பாருங்கள். ஓட்டத்தோடு போகும்போது ஜி.பி.எஸ். 8 நாட் காட்டினால், எதிர்த்துத் திரும்பும்போது 6 தான் காட்டும். இன்ஜின் அதே, டீசலும் அதே. ஜி.பி.எஸ். பொய் சொல்லவில்லை. அது தரையை வைத்துக் கணக்குப் போடுகிறது, படகோ தண்ணீரில் ஓடுகிறது. ப்ரொபெல்லருக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் பின்னால் வரும் வலைக்கும் தெரிந்தது தண்ணீரைப் பொறுத்த வேகம் மட்டும்தான். மேலே சொன்ன கணக்கில் அது போகும்போதும் வரும்போதும் 7 நாட். மீதி 1 நாட் நீரோட்டம் கொடுத்ததும் பிடுங்கியதும்.

அந்த 7-ஐ அளக்க நெடுங்காலமாக இருந்தது படகின் அடியில் சுழலும் சின்னத் துடுப்புச் சக்கரம். குளிர்நாட்டுக் கடலில் அது ஒழுங்காக ஓடும். நம் கடலில் படகைச் சில வாரம் கட்டிப் போட்டாலே கொட்டலசும் பாசியும் ஏறிச் சக்கரம் இறுகிவிடும். போதாக்குறைக்கு, மெதுவாகப் போகும்போது அது சரியாகச் சுற்றாது. இழுவலை போடுகிறவருக்கு அந்த மெதுவேகம்தான் முக்கியம். சுழலும் பாகமே இல்லாமல், காதுக்கு எட்டாத ஒலியால் வேகத்தை அளக்கிற அல்ட்ராசோனிக் சென்சார் இந்தக் குறைகளுக்கு மாற்றாக வந்தது. பெரும்பாலும் அதே உடம்பில் தண்ணீரின் வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டரும் இருக்கும்.

எந்த வகை என்று பாருங்கள்

கடையில் எல்லாவற்றுக்கும் அல்ட்ராசோனிக் என்றே பெயர். உள்ளே வேலை செய்யும் விதம் வேறு வேறு.

சிறிய, நடுத்தரப் படகுகளுக்கு வருவதில் ஒரு வகையில் இரண்டு படிகங்கள் இருக்கும், ஒன்று முன்னால், மற்றது சில சென்டிமீட்டர் பின்னால். இரண்டும் கீழ்நோக்கி ஒலியை அனுப்பி, தண்ணீரில் மிதக்கும் துகளும் நுண்ணுயிரும் குமிழியும் திருப்பி அனுப்பும் எதிரொலியைக் கேட்கின்றன. சாலையோரம் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு பேர் ஒரே லாரி தங்களைக் கடந்த நேரத்தைக் குறித்து, வித்தியாசத்தை வைத்து லாரியின் வேகத்தைச் சொல்வது மாதிரிதான். முன் படிகம் கேட்ட அதே எதிரொலிக் கோலம் பின் படிகத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கிறது கருவி. படிகங்களுக்கு இடையே 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 7 நாட் வேகத்தில் அந்த நேரம் ஏறக்குறைய 11 மில்லி விநாடி, 3 நாட்டில் 26 மில்லி விநாடி. மெதுவாகப் போனால் நேரம் கூடுமே தவிர, சக்கரம் போல நின்றுபோக இங்கே ஒன்றும் இல்லை.

இன்னொரு வகை டாப்ளர். ஒலியைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வரும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். பெரிய கப்பல்களில் இதைப் பரவலாகக் காணலாம். கடல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் உடன்படிக்கை விதிப்படி 300 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் தண்ணீரைப் பொறுத்த வேகத்தையும் தூரத்தையும் காட்டும் கருவி கட்டாயம்.

வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு எங்கே பயன்படும் என்றால், வெப்பநிலையில். டாப்ளர் கணக்கில் கடல்நீரில் ஒலியின் வேகம் நேரடியாக வருகிறது. 20 டிகிரியில் அது விநாடிக்குச் சுமார் 1,521 மீட்டர், 30 டிகிரியில் சுமார் 1,545 மீட்டர். வெப்பத்தைத் தப்பாக அளந்தால் வேகமும் ஒன்றரை சதவீதம் வரை தப்பும். இரட்டைப் படிக முறையில் அந்தச் சிக்கல் இல்லை. இடைவெளி தெரியும், நேரம் தெரியும், ஒலியின் வேகம் கணக்குக்குள் வருவதே இல்லை. அங்கே வெப்பமானி தனியாக ஒரு தகவலைத் தருவதற்காகவே இருக்கிறது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. உங்கள் டிஸ்பிளே எதைப் படிக்கும்? படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் தரங்களான என்.எம்.இ.ஏ. 0183-ஆ, 2000-ஆ, அல்லது பழைய சக்கரம் தரும் பல்ஸ் மட்டும்தானா? சக்கரத்தைப் போலவே பல்ஸ் அனுப்பும் அல்ட்ராசோனிக் மாடல்களும் உண்டு. டிஸ்பிளேயை மாற்றாமல் ஒப்பேற்ற நினைப்பவர்கள் அதைத் தேடலாம். அடுத்து, உடம்பு எந்தப் பொருள்? மரப்படகுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம். மரம் நீரில் ஊறிப் பருக்கும்போது பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும், வெண்கலம்தான் சரி. இரும்புப் படகில் வெண்கலத்தை நேராகப் பொருத்தினால் இரும்பு அரிக்கும். அங்கே பிளாஸ்டிக்கோ துருப்பிடிக்காத எஃகோ போதும். ஃபைபர் படகுக்குப் பிளாஸ்டிக், வெண்கலம் இரண்டும் ஆகும்.

இடம்தான் பாதி வேலை

நல்ல சென்சாரை மோசமான இடத்தில் வைத்தால் அது மோசமான சென்சார். ஒலிக்குத் துகள் வேண்டும், ஆனால் நுரை ஆகாது. குமிழிகள் மூட்டமாக வந்தால் எதிரொலிக் கோலம் கலைந்து, திரையில் எண் குதிக்கும் அல்லது மறைந்துவிடும்.

மெதுவாகத் தண்ணீரைப் பிளந்து போகும் விசைப்படகில், நீர்மட்டக் கோட்டின் நீளத்தில் அணியத்திலிருந்து (முன்முனை) மூன்றில் ஒரு பங்கு பின்னால், ஏராவிலிருந்து (கீல்) 15 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒற்றை ப்ரொபெல்லர் படகில் வலப்பக்கம் பொதுவாக நல்லது, அந்தப் பக்கம் இலைகள் கீழ்நோக்கி வருவதால். தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் வேகப்படகில் முன்பகுதி காற்றில் தூக்கிவிடும். அதில் அமரத்துக்கு (பின்முனை) கிட்டே, நடுக்கோட்டை ஒட்டி, எந்த வேகத்திலும் நீரை விட்டு விலகாத இடம் வேண்டும். துடுப்பு போல ஏரா தனித்து நிற்கும் பாய்ப்படகில், ஏராவுக்கு 30 முதல் 60 செ.மீ. முன்னால் நடுக்கோட்டில்.

இடத்தை முடிவு செய்தபின் படகின் அடியில் படுத்து, அந்தப் புள்ளியிலிருந்து அணியம் வரை கண்ணை ஓட்டுங்கள். வழியில் கடல்நீர் இழுக்கும் வாய், கழிவுநீர்த் துளை, குளிரூட்டும் குழாய், எக்கோ சவுண்டரின் மரக்கட்டை, துத்தநாகக் கட்டி, வெல்டிங் மேடு ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் ஒரு சுழலை விடும். அந்தக் கோட்டில் சென்சாரை வைக்காதீர்கள். இன்ஜினின் வெந்நீர் வெளியேறும் வாய்க்குப் பின்னால் வைத்தால் வேகத்தோடு வெப்பநிலையும் கெடும். இன்ஜினைத் தொட்டபடி இருக்கும் அடித்தளமும் வேண்டாம், வெண்கல உடம்பு உள்ளே இருக்கிற சூட்டைக் கடத்தும்.

உள்ளேயும் பாருங்கள். சென்சாரை மேலே இழுத்து எடுக்க உயரம் இருக்கிறதா, பக்கத்துச் சட்டம் இடிக்கிறதா, நடுக்கடலில் தண்ணீர் பீய்ச்சினால் ஒரு கை அங்கே போகுமா? மீன் பெட்டிக்கு அடியில் கச்சிதமாக மறைத்து வைத்துவிட்டு, பிறகு அதை எடுக்க ஐஸ் முழுவதையும் வாரிக் கொட்டுகிற படகுகள் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டும். ஓடும் படகின் தோலை ஒட்டிய தண்ணீர் படகோடு கொஞ்சம் சேர்ந்தே வரும். அணியத்திலிருந்து 5 மீட்டர் பின்னால், 7-8 நாட் வேகத்தில், இந்த ஒட்டுநீர் அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 6 செ.மீ. இருக்கும். துடுப்புச் சக்கரம் முழுக்க அந்த அடுக்குக்குள்தான் சுழல்கிறது, அதனால் எப்போதும் குறைத்துக் காட்டும். அல்ட்ராசோனிக் சென்சார் தோலிலிருந்து தள்ளிக் கீழே உள்ள நீரைப் பார்ப்பதால் இந்தப் பிழை சிறிதாகிறது. முழுக்கப் போய்விடுவதில்லை. அடிப்பாகத்தில் பாசி ஏற ஏற அந்த அடுக்கும் தடிக்கும். இதற்காகவே அளவுத்திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

துளை போடும் நாள்

நீர்மட்டத்துக்குக் கீழே துளை போடுவது, படகு கரையேறி நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வண்ணம் அடிக்க எப்படியும் படகு மேலே ஏறும், அப்போதே முடித்துவிடுங்கள்.

முதலில் உள்ளேயிருந்து 3 மி.மீ. துளை ஒன்று. வெளியே வந்து அது எங்கே எட்டிப் பார்க்கிறது என்று பாருங்கள். தப்பான இடம் என்றால் இந்தச் சின்னத் துளையை எளிதாக அடைத்துவிடலாம், பெரிய துளையை முடியாது. சரி என்றால், வெளியேயிருந்து வட்டக் கத்தியால் வெட்டுங்கள். சென்சார் உட்காரும் கூடு பல மாடல்களில் 51 மி.மீ. உங்கள் பெட்டியில் இருக்கும் தாளைப் பார்த்தே கத்தியை எடுங்கள். ஃபைபரில் வெட்டும் இடத்தில் வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டால் ஜெல்கோட் பெயராது. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஃபைபர் என்றால் ரெசின் பூசி மூடுங்கள். மூடாத நாருக்குள் தண்ணீர் ஏறும். நடுவில் மரமோ நுரையோ வைத்த இரட்டைத்தோல் படகானால், துளையைச் சுற்றி அந்த உள்பொருளைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபிறகு மறுபடி வெட்ட வேண்டும். இதைத் தவிர்த்தால், சில வருடம் கழித்து அடிப்பாகம் முழுவதும் ஊறிப்போனது தெரியவரும்.

கூட்டின் விளிம்பிலும் கழுத்திலும் சீலன்ட் தாராளமாகப் பூசுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்த ஏற்றது என்று குப்பியிலேயே எழுதியிருக்க வேண்டும். குளியலறை சிலிக்கான் இந்த வேலைக்கு ஆகாது. கூட்டை வெளியேயிருந்து உள்ளே தள்ளித் திருகும்போது அதன் மேலுள்ள அம்பு அணியத்தை நோக்கி, ஏராவுக்கு இணையாக இருக்க வேண்டும். கோணம் 5 டிகிரி பிசகினால் வேகத்தில் அரை சதவீதம்கூடப் போகாது, 10 டிகிரிக்கு ஒன்றரை சதவீதம். ஆனால் இரட்டைப் படிக வகையில் வேறொரு தொல்லை உண்டு. கோணம் திரும்பிவிட்டால் முன் படிகம் பார்த்த தண்ணீர் பின் படிகத்தின் கீழே வராமலே பக்கவாட்டில் போய்விடும். திருகு மரையைக் கையால் இறுக்கியபின், பிளாஸ்டிக் கூட்டுக்குப் பெரிய ஸ்பானரோடு பலம் காட்டாதீர்கள்.

சென்சாரோடு ஒரு அடைப்புக் கட்டையும் வரும். சென்சாரை எடுத்த கையோடு அந்த வாயை மூட அதுதான் துணை. கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். டூல் பெட்டியில் போட்டால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது. படகைத் தண்ணீரில் இறக்கியதும் உடனே கரையிலிருந்து விலகாமல், கூட்டைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை.

ஒயரிங்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு இடங்களைத் தவிர. என்.எம்.இ.ஏ. 2000 கம்பி 12 வோல்ட்டுக்கு உரியது. பெரிய விசைப்படகுகளில் பேட்டரி 24 வோல்ட். நடுவில் கன்வெர்ட்டர் இல்லாமல் கொடுத்தால் கருவிகள் கருகலாம். அடுத்து, அந்த முதன்மைக் கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு டேட்டா கம்பிகளுக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேட்டர் இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். வேகம் விட்டு விட்டு மறைகிறது என்று சென்சாரைக் கழற்றித் திருப்பி அனுப்பும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள்.

சென்சார் கம்பியை இன்வெர்ட்டர், ஆல்டர்னேட்டர், வி.எச்.எஃப். ஆன்டெனா கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மிச்சமிருக்கும் நீளத்தை, உற்பத்தியாளர் அனுமதி சொல்லாதவரை, வெட்டவும் வேண்டாம்.

அளவுத்திருத்தம்

பொருத்தியதும் திரையில் ஏதோ ஒரு எண் வரும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

காற்றும் அலையும் குறைந்த காலை நேரம், ஆழமான இடம், படகில் வழக்கமான சுமை. ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தூரத்துக்கு இரண்டு புள்ளிகளை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொண்டு, நீரோட்டத்தின் போக்கிலேயே கோட்டைப் போடுங்கள். ஒரே ஆர்.பி.எம்.மில் போய், திரும்பி வாருங்கள். திரும்பியதும் உடனே கடிகாரத்தைத் தொடாமல், வேகம் நிலைத்தபிறகு இரண்டாவது புள்ளியைக் கடக்கும்போது நேரத்தைத் தொடங்குங்கள்.

போகும்போது 7 நிமிடம் 30 விநாடி ஆனது என்றால் 8 நாட். வரும்போது 10 நிமிடம் ஆனால் 6 நாட். சராசரி 7. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டு நேரத்தையும் கூட்டி, 2 மைலுக்கு 17 நிமிடம் 30 விநாடி என்று வகுத்தால் 6.86 வரும், அது தப்பு. எதிரோட்டத்தில் அதிக நேரம் கழிவதால் மெதுவேகத்துக்கு அதிக எடை விழுந்துவிடுகிறது. வேகங்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும், நேரங்களை அல்ல. இதே இரண்டு ஓட்டத்திலும் சென்சார் சராசரியாக 6.6 காட்டியிருந்தால், 7-ஐ 6.6-ஆல் வகுத்து 1.06 என்ற எண்ணைக் கருவியில் கொடுங்கள்.

வலை இழுக்கும் வேகம், பயண வேகம், முழு வேகம் என்று மூன்றிலும் இதைச் செய்வது நல்லது. வேகத்துக்கேற்ப படகு முன்னும் பின்னும் சாயும், அடியில் ஓடும் நீரும் மாறும். வேகத்துக்கு ஒரு திருத்தம் என்று அட்டவணையாகவே ஏற்கும் கருவிகள் உண்டு. உங்களுடையது ஒரே எண்ணைத்தான் ஏற்கும் என்றால், நீங்கள் அதிக நேரம் ஓடும் வேகத்துக்கு உரியதைக் கொடுங்கள். கிடைத்த எண்ணைத் திரையின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வையுங்கள். யாராவது ரீசெட் பொத்தானை அமுக்கினால் கைகொடுக்கும்.

வெப்பநிலைக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒரு வாளியில் கடல்நீர் மொண்டு, நிழலில் வைத்து, கலக்கி, நம்பகமான தெர்மாமீட்டரை இறக்கி உடனே படியுங்கள். திரை காட்டுவதோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கொடுத்துவிடலாம். இன்ஜின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள். படகு நிற்கும்போது மட்டும் கூடக் காட்டினால் உள்சூடு ஏறுகிறது என்று பொருள். சந்தேகம் தீரவில்லையானால் தெர்மிஸ்டரின் மின்தடையை அளக்கலாம். பரவலாக உள்ள 10 கிலோ ஓம் வகை, 25 டிகிரியில் அந்த 10-ஐயும், 30 டிகிரியில் சுமார் 8-ஐயும் காட்டும்.

பிறகு எதற்கெல்லாம் ஆகும்

ஜி.பி.எஸ். வேகத்தையும் சென்சார் வேகத்தையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். இரண்டின் வித்தியாசம் நீரோட்டம், தென்கடலோரத்தில் நீவாடு என்பார்களே, அது. ஜி.பி.எஸ். 3 நாட் காட்டுகிறது என்று நம்பி வலையை இழுக்கிறீர்கள். 1 நாட் நீவாடு பின்னாலிருந்து தள்ளினால், வலைக்குள் நுழையும் தண்ணீரின் வேகம் 2 தான். வலையின் வாய் சரியாக விரியாது.

என்னைக் கேட்டால், இந்தக் கருவியின் பெரிய லாபம் டீசலில்தான். படகு சுத்தமாக இருக்கும் நாளில், சுமை குறித்து, 1,200, 1,500 என்று சில ஆர்.பி.எம்.களில் சென்சார் காட்டும் வேகத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து அதே சுமையில், அதே ஆர்.பி.எம்.மில் அரை நாட் குறைந்தால், அடியில் கொட்டலசு ஏறியிருக்கிறது, அல்லது ப்ரொபெல்லர் அடிபட்டிருக்கிறது. ஒரு பக்க ஓட்டத்தின் ஜி.பி.எஸ். வேகத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது, நீரோட்டம் குட்டையைக் குழப்பிவிடும். படகைத் தள்ளத் தேவையான சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அதனால் 8 நாட்டிலிருந்து 7-க்கு இறங்கினால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

வெப்பநிலையில் நீங்கள் தேட வேண்டியது எத்தனை டிகிரி என்பதை அல்ல, எங்கே சட்டென்று மாறுகிறது என்பதை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைச் சொல்லும் அறிவிப்புகளுக்கு, செயற்கைக்கோள் அளந்த கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும்தான் பார்க்கிறது. வானம் மூடிவிட்டால் செயற்கைக்கோளால் அந்த வெப்பப் படத்தை முழுமையாக எடுக்க முடியாது. அன்றைக்கு, குறுகிய தூரத்தில் அரை டிகிரி விழுவதை உங்கள் திரையே காட்டும். காற்றே இல்லாத நண்பகலில் மட்டும் எச்சரிக்கை தேவை. மேல்தண்ணீர் மட்டும் வெயிலில் சூடாகிக் கணக்கை மாற்றும்.

எக்கோ சவுண்டருக்கும் ஒரு பயன். பல கருவிகள் ஒலியின் வேகம் 1,500 மீட்டர் என்று எடுத்துக்கொள்கின்றன. நம் வெதுவெதுப்பான கடலில் அது 1,540-ஐ நெருங்குவதால், 100 மீட்டர் ஆழத்தை 97 சொச்சம் என்று காட்டும். வெப்பநிலையை உள்ளே வாங்கித் திருத்திக்கொள்ளும் கருவிகளும் உண்டு.

பராமரிப்பு

சக்கரம் இல்லை என்பதால் கொட்டலசு ஏறாது என்று நினைக்க வேண்டாம். படிகத்தின் முகத்தில் ஒரே ஒரு கொட்டலசு ஒட்டினால் போதும், ஒலி அடைபடும். நீண்ட நாள் கட்டிப் போடுவதாக இருந்தால் சென்சாரை எடுத்துவிட்டு அடைப்புக் கட்டையைப் போடுங்கள். துடைக்க மென்துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். கம்பி பிரஷ், உளி, அசிட்டோன், தின்னர் எதுவும் முகத்தைத் தொடக் கூடாது. பாசி தடுக்கும் பெயின்ட் பூசலாம், ஆனால் தண்ணீர் கலக்கும் வகை மட்டும், மெல்லிய ஒரே பூச்சு. அடிப்பாகத்துக்கு வழக்கமாக அடிக்கும் கரைப்பான் கலந்த பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். தடைக்காலத்தில் பெயின்ட் அடிக்க வருபவருக்கு இது தெரியாது. அவர் வரும் முன்னே சென்சாரை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதே நல்லது. ஓ-ரிங்கில் மணல் இல்லாமல் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

கரையோரமாகப் போய்க் காலையிலேயே திரும்பும் நாட்டுப்படகுக்கு இந்தச் செலவு தேவையில்லை, கையடக்க ஜி.பி.எஸ். போதும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் படகுக்கும், இழுவலை போடும் படகுக்கும், பந்தயத்தில் இறங்கும் பாய்ப்படகுக்கும் இது தகும். அதிலும், வருடத்துக்கு ஒருமுறையாவது இரண்டு பக்கமும் ஓட்டி அளவைத் திருத்திக்கொள்ளப் பொறுமை உள்ளவர் மட்டும் வாங்குங்கள்.